நீரின் சுழற்சியும் நம் ஊர்க் கிணறும்



கதிரவனின் வெப்பத்தால் கடல்நீர் ஆவியாகி, முகிலாகி, மழையாகப் பொழிந்து, ஆறாகவும் ஊற்றாகவும் மீண்டும் கடலையே சேர்கிறது. இதனை ஐந்தாம் வகுப்பிலேயே படித்தோம். படம் வரைந்து மதிப்பெண்ணும் பெற்றோம். அப்படத்தில் இடம்பெறாத ஒரு பகுதியைப் பற்றியே இன்று பேச விழைகிறோம். அது நம் காலடி மணலுக்குள் நிகழ்வது.

உலகிலுள்ள நீரில் நூற்றுக்கு 97 பங்கு உவர்நீர். எஞ்சிய நன்னீரிலும் பெரும்பகுதி பனிப்பாறையாய் உறைந்து கிடக்கிறது. நமக்கோ கிழக்கே வங்கக் கடல், வடக்கே பழவேற்காடு ஏரி, அருகே பக்கிங்காம் கால்வாய், மூன்றும் உவர்ப்பு. இவற்றினிடையே காட்டூர்ப் பகுதியில் குடிக்கத்தக்க கிணறு எவ்வாறு அமைந்தது?

பருவமழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதக்கிறது. ஒரு தொட்டி நன்னீர் 1000 கிலோ எடையிருப்பின், அதே தொட்டிக் கடல்நீர் 1025 கிலோ இருக்கும். இச்சிறு வேறுபாட்டினால், கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அம்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும். ஹாலந்து நாட்டுக் கைபனும், பின்னர் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் கண்ட கணக்கு இது. இதற்கு மறுபக்கமும் உண்டு. மேலே ஓரடி நீரை இறைத்துக் குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் நாற்பதடி ஏறிவரும்.

கடற்கரைப் பெண்கள் மணலில் ஆழமின்றி ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மெல்ல முகந்து குடம் நிரப்புவர். ஆழமாய்த் தோண்டினால் கரிக்கும் என்று அறிந்தவர்கள் அவர்கள். கைபனைப் படித்தா அறிந்தார்கள்?

அவ்வறிவை மறந்து இறைத்ததன் விளைவை மீஞ்சூரில் காணலாம். ஆரணியாறும் கொசத்தலையாறும் சேர்த்துவைத்த நிலத்தடி நீரை 1960-களின் இறுதியில் ஐ.நா. உதவியுடன் ஆராய்ந்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளிலிருந்து சென்னைக்குக் கொண்டுசென்றனர். உழவுக்கும் மோட்டார்கள் இறைத்தன. 1969-இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை உட்புகுந்திருந்த உவர்நீர், 1987-இல் சுமார் 9 கிலோமீட்டரை எட்டியது. பின்னர் அதையும் கடந்தது. 2010-இல் நம் அண்டையிலுள்ள காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாள்தோறும் 10 கோடி லிட்டர் நன்னீர் எடுத்துச் சென்னைக்கு அனுப்பும் ஆலை திறக்கப்பட்டது. கதிரவன் கூலி கேளாமல் செய்யும் வேலையை மின்சாரம் கொடுத்துச் செய்விக்கிறோம்!

நம்மவர் பொதுக் கிணற்றை அணுகவும் தடையிருந்த காலம் உண்டு. 1924-இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கொணர்ந்த தீர்மானம், பொதுச் சாலையும் கிணறும் குளமும் நமக்கும் உரியவை என்றது. 1927-இல் மகாத் நகரின் சௌதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீர் அள்ளிப் பருகினார். அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கிணற்றையும் குளத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இத்தனை பாடுபட்டுப் பெற்ற கிணறு கரித்துப்போனால், சட்டப் புத்தகத்தையா குடத்தில் ஊற்றுவது? வசதியுள்ளவர் தண்ணீரை விலைக்கு வாங்குவர். ஒரே கிணற்றை நம்பிய குடியிருப்புக்கு வேறு வழியில்லை.

செய்யத்தக்கது என்ன? ஏரி நிறைந்து நின்றால் நன்னீர் மட்டம் உயரும், உவர்நீர் பின்வாங்கும். காட்டூர், தத்தமஞ்சி ஏரிகளை ஆழப்படுத்தி இணைக்கும் பணியை அண்மை ஆண்டுகளில் அரசு மேற்கொண்டது இந்நோக்கில் நல்லதே. ஆயினும் வரத்துக் கால்வாயில் ஆக்கிரமிப்பு இருப்பின், மழை எவ்வளவு பெய்தும் ஏரிக்குப் பயனில்லை. கரையோர மணல்மேட்டை அள்ளிச் செல்வதும் நன்னீர் தங்கும் கலத்தையே உடைப்பதாகும். கிராம சபையில் இவற்றைப் பேச நமக்கு உரிமையுண்டு. வெறுங்கையோடு சென்று முறையிடுவதைவிட, எந்த மாதத்தில் எந்தக் கிணறு எத்தனை அடி இறங்கியது, எப்போது கரிக்கத் தொடங்கியது என்ற குறிப்போடு சென்றால் அதிகாரிகள் எளிதில் தட்டிக்கழிக்க இயலாது.

ஆகவே, குடியிருப்பின் ஒவ்வொரு கிணற்றையும் அமாவாசைதோறும் பவுர்ணமிதோறும் அளக்க இருவர் இருவராக இளைஞர்கள் முன்வர வேண்டுகிறோம். அடி குறித்த கயிறும் குறிப்பேடும் பள்ளியில் உள்ளன. வரும் அமாவாசையன்று காலை, எவரும் நீர் இறைக்குமுன், மாதா கோயில் தெருக் கிணற்றிலிருந்து தொடங்குவோம்.