வோட்டு ஜாபிதாவில் பிறக்கிறது

(விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பஞ்சாயத்துத் தேர்தல் என்றதும் வோட்டுப் போடும் நாளைத்தான் நாம் நினைக்கிறோம். அது தவறு. வோட்டு ஜாபிதாவில் பிறக்கிறது. ஜாபிதாவில் பெயர் இல்லாதவருக்கு வோட்டுச் சாவடி வெறும் பள்ளிக்கூடக் கட்டடம்தான்.

2019 டிசம்பரில் ஒரு கிராமத்தில் நாங்கள் கண்டதைச் சொல்கிறோம். வெளியூரில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஒரு தாய், இரவெல்லாம் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் அடையாள அட்டை இருந்தது. ஜாபிதாவில் பெயர் இல்லை. "நான் இந்த ஊர்க்காரி இல்லையா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. ஜாபிதாவை முன்கூட்டியே வீடுவீடாகப் படித்துக் காட்டாதது எங்கள் குற்றம். அதை ஒப்புக்கொண்டுதான் இன்று பேசுகிறோம்.

ஸ்தல ஸ்தாபனத் தேர்தலுக்கு வாக்காளர் கணக்கெடுப்பு தனியாகக் கிடையாது. சட்டசபை ஜாபிதாவிலிருந்தே வார்டுவாரி ஜாபிதா தயாராகிறது. அங்கே பெயர் போனால் இங்கேயும் போயிற்று. 2025 டிசம்பரில் தமிழ்நாட்டில் வெளியான வரைவு ஜாபிதாவில் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. இறந்தவர்கள் அதில் ஒரு பகுதி. குடிபெயர்ந்தவர், முகவரியில் இல்லாதவர் என்று எழுதப்பட்டவர்களே பெரும்பகுதி. செங்கல் சூளைக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போகிற நமக்கல்லவா இது முதல் ஆபத்து!

தற்காலிகமாக வெளியூர் போவதால் மட்டும் ஒருவர் சொந்த ஊர்க் குடியிருப்பை இழப்பதில்லை. 1950-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே இதைச் சொல்கிறது. பெயர் விடுபட்டவரும் 18 வயது நிரம்பியவரும் 6-ம் எண் படிவம் கொடுக்க வேண்டும். பிழை திருத்தவும் வீடு மாறியதைப் பதியவும் 8-ம் எண் படிவம். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

இனி சாவடிக்குள் வருவோம். கிராமத்தில் ஒருவருக்கு நான்கு வோட்டு. 2019-லும் 2021-லும் வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள். முதல் இரண்டில் கட்சிச் சின்னம் இராது. ஆகவே நம் அபேட்சகரின் சின்னத்தை முன்பே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரே முத்திரை. இரண்டு பேருக்குக் குத்தினாலும், கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. மை அடுத்த சின்னத்தில் ஒட்டாதபடி மடித்துப் பெட்டியில் போடுங்கள். உள்ளே யாருக்குக் குத்தினோம் என்பது ஊர்ப் பெரியதனக்காரருக்கும் தெரியாது, கடன் கொடுத்தவருக்கும் தெரியாது.

தெரியாது என்பதால்தான் வோட்டே நடக்காமல் செய்யப் பார்க்கிறார்கள். தலைவர் பதவியைக் கோயில் வாசலில் ஏலம் விடுகிறார்கள். "போட்டி வேண்டாம், பணம் கோயிலுக்கு" என்கிறார்கள். எதிர்மனு இல்லையென்றால் அந்த இளஞ்சிவப்புச் சீட்டு நம் கைக்கே வராது. ஏலம் போவது பதவி மட்டுமல்ல, ஊரார் அனைவரின் வோட்டும்! இதை முறியடிக்க ஒரு மனு போதும். 21 வயது நிரம்பி, ஜாபிதாவில் பெயர் இருந்தால் மனுப் போடலாம். தனித்தொகுதி, பெண்கள் தொகுதி என்றால் அதற்குரியவர் போட வேண்டும். 2019-ல் தலைவர் பதவிக்கு டிபாசிட் 600 ரூபாய்; தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 300.

ஒரு மனுவுக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. மதுரை மாவட்டம் மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசன், 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாப்பட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே, 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தல் கேலிக்கூத்தாக்கப்பட்டது. 2006-ல்தான் அங்கே தலைவர்கள் நாற்காலியில் நிலைத்து உட்கார முடிந்தது.

2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை; தனி அலுவலர்கள் அமர்ந்தார்கள். தேர்தலை நடத்து என்று கேட்பது நமது உரிமை. ஆனால் தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் ஜாபிதாவைப் பார்ப்பதற்கான நாள் என்பதையும் உணர வேண்டும்.

ஆகவே தோழர்களே, இன்றிரவே ஒவ்வொரு தெருவிலும் எழுத்தறிந்த இரண்டு இளைஞர்கள் ஜாபிதாவோடு உட்காரட்டும். பெயர்களை உரக்கப் படிக்கட்டும். கரும்பு வெட்டப் போனவர்களின் பெயர்களை முதலில் படிக்கட்டும். அந்தத் தாய் கேட்ட கேள்வியை இன்னொரு தாய் கேட்கும்படி விடக்கூடாது.