டீசல் இயந்திரத்தில் எண்ணெய் மிகுந்தால்

(லகாட் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



இயந்திரத்தில் எண்ணெய் குறைந்தால் அது கெட்டுவிடும் என்பதை நம்மில் அறியாதார் இலர். எண்ணெய் மிகுந்தாலும் கெடும் என்று சொன்னால் மட்டும், “தலையில் எண்ணெய் கூடினால் வழியும், அவ்வளவுதானே!” என்று சிரிப்பவர்கள் இருக்கின்றனர். பிள்ளைக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக வைப்பது போல, இயந்திரத்துக்கும் ஒரு போத்தல் கூடுதலாக ஊற்றுவது அன்பு என்று எண்ணுபவர்களும் உண்டு. அந்த அன்பு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைப் பற்றியே இன்று பேச வந்துள்ளோம்.

டீசல் இயந்திரம் இந்த லகாட் வட்டாரத்துக்குப் புதியதன்று. 1930-ஆம் ஆண்டில் சென்டரோ அணையின் மின்சாரம் கிந்தா பள்ளத்தாக்கை எட்டிய பின்னரும், மணலையும் நீரையும் சேர்த்து உறிஞ்சும் சிறிய ஈயச் சுரங்கங்கள் பலவற்றில் டீசல் இயந்திரங்களே இரவும் பகலும் முழங்கின. 1985 அக்டோபரில் ஈய விலை சரிந்தபின் அச்சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. தோட்டங்களிலோ, மாலையில் ஸ்டோர் இயந்திரம் ஓடினால்தான் லயங்களில் விளக்கு எரியும். இரவு பத்து மணிக்கு அது நின்றால் இருள் சூழும். அக்காலத்தை நேரில் கண்டவர்கள் இங்கே முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கின்றனர். இன்று பால் லோரி, டிராக்டர், மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்பட்டால் முடுக்கும் ஜெனரேட்டர் எனப் பல வடிவங்களில் அதே இயந்திரம் நம்முடன் வாழ்கிறது.

முதலில் ஓர் இயல்பைத் தெரிந்துகொள்வோம். பெட்ரோல் இயந்திரத்தில் தீப்பொறி எழுந்தால்தான் எரிபொருள் பற்றும். சாவியைத் திருப்பித் தீப்பொறியை நிறுத்தினால் இயந்திரமும் நின்றுவிடும். டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பிஸ்டன் பதினாறு, இருபது மடங்கு நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில் காற்று 500 பாகை செல்சியசுக்கும் மேல் சூடேறுகிறது. அச்சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானே எரிகிறது. எரியக்கூடிய எந்த எண்ணெய் அங்கே வந்தாலும் அது பற்றிக்கொள்ளும். ருடோல்ப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியியலாளரின் இயந்திரம் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓடியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1900-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில், அவ்வகைச் சிற்றியந்திரம் ஒன்றை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். நாம் கச்சான் என்று சொல்வோமே, அதே கடலைதான்! கச்சானுக்குப் பெயர்பெற்ற மெங்கிளம்பைக் கடந்துதான் ஈப்போவிலிருந்து நாம் லகாட்டுக்கு வருகிறோம்.

கடலை எண்ணெயில் ஓடக்கூடிய இயந்திரம், தன் வயிற்றிலுள்ள மசகு எண்ணெயிலும் ஓடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மசகு எண்ணெய் அடித்தொட்டியில் தங்க வேண்டிய பொருள். அதன் மட்டம் சரியாக இருந்தால், மேலே சுழலும் கிராங்க் தண்டு அதனைத் தொடாது. மட்டம் உயர்ந்தால் தண்டின் முழங்கைகள் எண்ணெயில் மோதி, மத்து தயிரைக் கடைவது போலக் கடைந்துவிடும். எண்ணெய் நுரைக்கும். நுரையில் பாதி காற்று. காற்று இரும்புக்கும் இரும்புக்கும் இடையே நின்று உராய்வைத் தடுக்காது. ஆகவே எண்ணெய் மிகுந்த இயந்திரத்தில் தேய்மானப் பகுதிகளுக்கு எண்ணெய் சரிவரக் கிட்டாமற் போகும் விந்தையும் நிகழ்கிறது. இயந்திரம் சூடேறும், அதன் வலிமை குறையும், உள்ளே அழுத்தம் மிகுந்து ஆயில் சீல்கள் பிதுங்கிக் கசியும். லிஸ்டர் போன்ற பழைய இயந்திரங்கள் நிமிடத்திற்கு 650 சுற்றே சுழன்றதால் ஓரளவு பொறுத்துக்கொண்டன. இன்றைய வாகன இயந்திரங்கள் அதைப்போல ஐந்தாறு மடங்கு வேகத்தில் சுழல்பவை.

இவை யாவும் செலவு வைக்கும் கேடுகள். இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. நுரைத்துத் தெறிக்கும் எண்ணெய், பிஸ்டன் வளையங்களைத் தாண்டி மேலேறும். மூச்சுக்குழாய் வழியாகக் காற்று உறிஞ்சும் குழாய்க்குள்ளும் புகும். அங்கிருந்து அது எரியும் அறைக்குப் போய் எரிபொருளாகிறது. வேகம் கூடுகிறது; வேகம் கூடக் கூட உறிஞ்சுதலும் கூடுகிறது; மேலும் எண்ணெய் வருகிறது. நிறுத்தும் நெம்புகோலை இழுத்தாலும், சாவியைப் பிடுங்கினாலும் பயனில்லை. அவை டீசலைத்தான் நிறுத்தும்; இயந்திரமோ டீசலை விட்டுவிட்டு வேறொன்றை உண்டுகொண்டிருக்கிறது. எண்ணெய் தீரும் வரை, அல்லது உறுப்புகள் உடைந்து சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே பறக்கும் வரை அது ஓடும்.

நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயரோ தொழிலாளியின் பெயரோ இங்கே வேண்டியதில்லை. ஜெனரேட்டருக்கு எண்ணெய் மாற்றிய நாளன்று காலையில் ஒருவர் ஊற்றிவிட்டுப் போனார். அதை அறியாமல் பிற்பகலில் வந்த இளைஞரும் ஊற்றினார். அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தபோது மேற்கோட்டுக்கு வெகு உயரத்தில் எண்ணெய் நின்றது. தவறு நேர்ந்ததை அவர் உணர்ந்தார். ஆயினும் எடுத்து வெளியே விட்டால் எண்ணெய்க் கணக்கு உதைக்கும், கிராணியிடம் ஏச்சு வாங்க வேண்டும் என்ற அச்சம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஓடினால் எரிந்து குறைந்துவிடும் என்று எண்ணி இயந்திரத்தை முடுக்கிவிட்டார்.

சிறிது நேரத்தில் நீலமும் வெண்மையும் கலந்த புகை கிளம்பியது. பிறகு இயந்திரத்தின் ஒலி ஏறத் தொடங்கியது. அவ்வொலியை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். இளைஞர் நெம்புகோலை இழுத்தார், நிற்கவில்லை. கையில் அகப்பட்ட சாக்கைக் காற்றுக்குழாயின் வாயில் வைத்தார். அது சாக்கின் ஒரு பகுதியை உள்ளே இழுத்துக்கொண்டது. அந்நேரத்தில் ஓடிவந்த முதிய பொமன் ஒருவர், சுவரோரம் கிடந்த தடித்த பலகையை எடுத்துக் குழாயின் வாயில் அழுத்தமாக அறைந்து பொருத்தினார். காற்றில்லாமல் இயந்திரம் திணறி நின்றது. இளைஞரின் முழங்கையில் தீக்காயம், உயிருக்குக் கேடில்லை. இயந்திரத்தைப் பழுதுபார்க்க ஆன செலவோ, வடித்துக் கொட்ட அஞ்சிய எண்ணெயின் விலையைப் போலப் பன்மடங்கு.

அந்த இளைஞரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஊற்றிய தவறு சிறியது. அதைச் சொல்ல முடியாதபடி அவரை அச்சுறுத்திய வழக்கம் பெரியது. கூடிப்போனதைக் கூடிப்போனது என்று சொல்பவரை ஏசாதிருப்பது மேற்பார்வையாளர்களின் கடமை என்பதை, இங்கே பின்வரிசையில் நிற்கும் கிராணிமார்களும் கேட்டுக்கொள்வார்களாக. எண்ணெய் மாற்றியவர் தேதியையும் அளவையும் ஓர் அட்டையில் எழுதி இயந்திரத்திலேயே தொங்கவிட்டால் இரட்டை ஊற்றல் நேராது.

காற்றோடு எரிபொருள் புகுந்தால் டீசல் இயந்திரம் கட்டுமீறும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றும் உண்டு. 2005 மார்ச் 23-ஆம் நாள் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் எரியாவி பரவி வெடித்து 15 பேர் மாண்டனர். அருகே இயந்திரம் ஓடியபடி நின்றிருந்த டீசல் சிற்றுந்து ஒன்று அந்த ஆவியை உறிஞ்சி வெறிகொண்டு ஓடியதே தீப்பற்றக் காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணை சுட்டியது. அங்கே ஆவி; இங்கே மசகு எண்ணெய்.

இனி, நாள்தோறும் செய்ய வேண்டியது. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். கிளேடாங் மலையடிவாரத் தோட்டங்களில் சமதரை தேடுவதே ஒரு வேலை என்பது நமக்குத் தெரியும். ஆனால் சரிவில் பார்த்த அளவு பொய் சொல்லும். இயந்திரத்தை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுங்கள். மேலே சென்ற எண்ணெய் அடித்தொட்டிக்கு இறங்கி வரட்டும். உடனே பார்த்தால் குறைவாகத் தோன்றும். அதை நம்பி ஊற்றுவதால்தான் பெரும்பாலும் மிகை நேர்கிறது. கம்பியைத் துடைத்து, மீண்டும் செருகி, எடுத்துப் பாருங்கள். இரு கோடுகளுக்கும் இடையில் இருந்தால் போதும். மேற்கோட்டைத் தொட்டே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. புதிய எண்ணெய் ஊற்றும்போது சற்றுக் குறைவாகவே ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, அளந்து, பிறகு சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.

மேற்கோட்டை ஒரு மயிரிழை தாண்டியிருந்தால் கலங்க வேண்டியதில்லை. தெளிவாகத் தாண்டியிருந்தால் இயந்திரத்தை முடுக்கவே கூடாது. அடித்தொட்டியின் திருகாணியைச் சிறிது தளர்த்தித் தூய்மையான பாத்திரத்தில் வடிக்கலாம். அல்லது அளவுக்கம்பியின் துளை வழியே மெல்லிய குழாயை விட்டுக் கைப்பம்பினால் உறிஞ்சலாம். வாயால் உறிஞ்சலாகாது. வடித்தது புதிய எண்ணெயாக இருந்தால் மூடி வைத்து, அடுத்தமுறை ஊற்றலாம், கணக்கும் உதைக்காது.

யாரும் ஊற்றாமலே மட்டம் உயர்ந்திருந்தால் அதுதான் மிகவும் கவனிக்கத்தக்கது. எண்ணெய் தானாகப் பெருகாது. வேறேதோ வந்து கலந்திருக்கிறது. இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நீர்த்துப்போய் டீசல் மணம் வீசினால், டீசல் பம்போ தெளிப்பானோ கசிகிறது. தே தாரேக் நிறத்தில் பாலாடை போலிருந்தால், குளிரூட்டும் நீர் புகுந்துள்ளது. புகைவடிப்பான் பொருத்திய புதிய வாகனங்களில், வடிப்பானைச் சுத்தம் செய்யத் தெளிக்கப்படும் டீசலில் ஒரு பங்கு கீழே இறங்குவதும் உண்டு. குறுகிய தூரமே ஓடித் திரும்பும் வண்டிகளில் இது மிகுதி. நம் நாட்டில் 2019-இல் வாகன டீசலில் 10 விழுக்காடு கலக்கத் தொடங்கியது, செம்பனை எண்ணெயிலிருந்து பெறும் எரிபொருள். அது கலந்தபின் டீசலைப் போல எளிதில் ஆவியாகிப் போவதில்லை. ஆதலால் எண்ணெய் மாற்றும் தவணையைத் தள்ளிப்போடாதீர்கள். கலப்பு நேர்ந்த எண்ணெயைக் கொஞ்சம் வடித்துச் சரிக்கட்டுவது பயனற்றது. காரணத்தைக் கண்டு பழுதுநீக்கி, எண்ணெயையும் வடிகட்டியையும் முழுதாக மாற்ற வேண்டும்.

எல்லாம் மீறி இயந்திரம் வெறிகொண்டால், முதலில் சுற்றிலும் உள்ளவர்களை விலக்குங்கள். கையால் காற்றுக்குழாயை மூடாதீர்கள், துணியும் வேண்டா. குழாயின் வாயைவிடப் பெரிய தடித்த பலகையே தக்கது. கரியமிலவாயுத் தீயணைப்பானைக் குழாய்க்குள் பீய்ச்சினாலும் நிற்கும். கியர் மாற்றும் லோரியாயின், பிரேக்கை முழுதாக அழுத்தி, உயர்ந்த கியரில் இட்டு, கிளச்சை விடுங்கள். இயந்திரம் திணறி நிற்கும். இவற்றுள் எதற்கும் நேரமில்லையெனில் விலகி ஓடுங்கள். உடைவது இரும்பாக இருக்கட்டும்.

வடித்த பழைய எண்ணெயை எங்கே கொட்டுவது என்று இங்குள்ள சகோதரி ஒருவர் கேட்டார். கால்வாயிலோ பால்மரத்தடியிலோ அன்று. 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய மசகு எண்ணெய் அபாயக் கழிவாகும். மூடியுள்ள பீப்பாயில் பெயரெழுதிச் சேர்த்து வைத்து, உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்கும்படி தோட்ட அலுவலகத்தைக் கேளுங்கள். அந்தப் பீப்பாயின் பக்கத்திலேயே சுவரில் ஓர் ஆணி அடித்து, நாம் சொன்ன பலகையையும் மாட்டி வையுங்கள்.