சபை விருந்தும் கடைசிப் பந்தியும்



கிறிஸ்து பிறப்புத் திருநாள் நெருங்கும் வேளையில் சபைதோறும் ஒரு சிறு குழு கூடுவதைக் காணலாம். பாடற்குழுவைப் பற்றியோ குடில் அமைப்பதைப் பற்றியோ அக்குழு பேசுவதில்லை. 'இவ்வாண்டு சபையாருக்கு என்ன விருந்து?' என்பதே அதன் பேச்சு. ஒருவர் பிரியாணி என்பார். மற்றொருவர் அப்பமும் இஷ்டுவும் என்பார். மூன்றாமவர், பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் இல்லாமல் ஒரு விருந்தா என்பார். இவ்வாறு வளரும் பட்டியலை எவ்வாறு முடிப்பது என்பது பற்றியே இன்று சில சொற்கள் கூற விழைகிறோம்.

நம் கண்முன் நிற்கும் ஊர்கள் கேரளத்தின் கிழக்கு எல்லையில் உள்ளவை. வடக்கே பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதி. தெற்கே இடுக்கி மாவட்டத்து மூணாறு, தேவிகுளம், மறையூர்ப் பகுதி. இவ்விரண்டிற்கும் இடையே மலைகள் பல கிடக்கின்றன. எனினும், இரண்டு இடங்களிலும் தமிழ் பேசும் கிறிஸ்தவர்கள் மலையாளம் பேசும் கிறிஸ்தவர்களோடு கலந்து வாழ்கின்றனர். பாலக்காட்டில் சுல்தான்பேட்டையைத் தலைமையிடமாகக் கொண்டு 2013-ஆம் ஆண்டு இலத்தீன் வழிபாட்டு முறைக்குரிய மறைமாவட்டம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் மக்களில் தமிழர் மிகுதி. மூணாற்றில் கார்மேல் மாதா ஆலயம் 1898-இல் தொடங்கியது. தென்னிந்தியத் திருச்சபையின் கிறிஸ்து ஆலயத்திற்கு அடிக்கல் 1910-இல் இடப்பட்டது. தேயிலைத் தோட்டங்களில் உழைக்க மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மலையேறி வந்தவர்களின் மக்களும் பேரர்களும் இன்றும் அங்கே தமிழில் தொழுகின்றனர்.

திருநெல்வேலிச் சபைகளில் இத்தகைய விருந்துக்கு 'அசனம்' என்று பெயர். கேரளத்துக் கத்தோலிக்க ஆலயங்களில் மார்ச்சு 19-ஆம் நாள் சூசையப்பர் திருநாளன்று நடைபெறுவது 'ஊட்டு நேர்ச்சை'. இரண்டும் பந்தியில் அமர்ந்து உண்பவை. இக்காலத்திலோ இடவசதியும் ஆள்வசதியும் கருதிப் பலரும் 'பஃபே' முறையை மேற்கொள்கின்றனர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் சிறிது தொல்லை கொடுத்தது. அது பிரெஞ்சு மொழியில் உணவு பரப்பி வைக்கும் பக்கமேசையைக் குறித்த சொல். தமிழில் 'தாமே எடுத்துண்ணும் விருந்து' என்று எழுதினோம். எழுதியபின், விருந்தின் சிக்கல் முழுவதும் அந்த 'எடுத்து' என்னும் சொல்லிலேயே அடங்கியிருப்பதைக் கண்டோம். பந்தியில் அளவை முடிவு செய்பவர் பரிமாறுபவர். பஃபேயில் முடிவு செய்பவர் முன்னே நிற்பவர். பின்னே நிற்பவருக்கு எஞ்சியதுதான் அளவு.

இச்சிக்கல் இன்று தோன்றியதன்று. கொரிந்து நகரத்துச் சபையில் வசதியுள்ளோர் முந்திக்கொண்டு உண்டனர்; ஏழைகள் பசியோடு நின்றனர்; அதனைப் பவுல் கடிந்து எழுதினார். எருசலேம் சபையிலோ, கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடுபட்டுப் போயினர். குறையைக் கேட்ட அப்போஸ்தலர்கள் ஏழு பேரைப் பந்தி விசாரிப்புக்கு அமர்த்தும்படி செய்தனர். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாகவே இருப்பது கவனிக்கத்தக்கது. விடுபட்டவர்களின் பக்கத்திலிருந்தே பரிமாறுவோரைத் தேர்ந்தனர் போலும்!

நம் நாட்டுச் சபை வரலாற்றிலும் உண்கலம் ஒரு சோதனைக் களமாகவே இருந்துள்ளது. 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், தமிழ்ச் சபைகளில் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று கடிதம் விடுத்தார். அதனைப் பொறாது சபையை விட்டுச் சென்றவர் பலர். 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரிமார் மாநாடு, யார் சமைத்ததையும் உண்ணவும் யாரோடும் அமர்ந்து உண்ணவும் ஒருவர் முன்வருவதையே அவர் சாதியை விட்டதற்கு அடையாளமாகக் கொண்டது. ஆகவே, சபை விருந்தின் உணவுப் பட்டியல் வெறும் சமையற்கட்டுக் காரியம் அன்று. யார், யாரோடு, எதனை உண்கிறார் என்பது அதில் எழுதப்பட்டுள்ளது.

இதனை நாம் நூல்களில் படித்துத் தெரிந்துகொண்டோம் என்று கூறினால் அது முழு உண்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன், மலைநாட்டுச் சபை ஒன்றின் திருநாள் விருந்துக் குழுவில் நாமும் இருந்தோம். பதினொரு பதார்த்தங்கள் கொண்ட பட்டியலைப் பெருமையோடு தயாரித்தோம். கோழி இரண்டு வகை, ஆட்டிறைச்சி, மீன் வறுவல், அப்பம், நெய்ச்சோறு, இன்னும் பல. நீண்ட மேசை ஒன்றில் வரிசையாக வைத்தோம். ஆராதனை முடிந்ததும் ஆலயத்தை அடுத்திருந்தவர்கள் முதலில் வந்தனர். எல்லாவற்றிலும் சிறிது சிறிது எடுத்தும் தட்டுகள் நிரம்பின. தொலைவிலுள்ள தோட்ட டிவிஷனிலிருந்து மூன்று ஜீப்புகளில் வந்தவர்கள் மேசையை அடைந்தபோது சோறும் ரசமும் கொஞ்சம் ஊறுகாயுமே இருந்தன.

அவர்களுள் ஒரு மூதாட்டி. கொழுந்து பறித்து விரல்நுனி கறுத்த கை. தட்டை நீட்டி, சோற்றை வாங்கிக்கொண்டு, "எல்லாருக்கும் இதுதானே தம்பி?" என்று கேட்டார். குற்றஞ் சாட்டும் குரல் அன்று. தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி. "ஆமாம்மா" என்ற பதில் எங்களிடமிருந்து வந்துவிட்டது. அது பொய். குப்பைக்கூடையில் பாதி தின்ற இறைச்சித் துண்டுகள் கிடந்ததை அவர் பார்க்கவில்லை என்று நம்ப விரும்பினோம்.

அன்று நாங்கள் கற்ற பாடம் ஒன்றே. முதலில் வருபவர் உண்பதைக் கடைசியில் வருபவரும் உண்ண வேண்டும். அதற்கு இயலாத பட்டியல் எவ்வளவு நீண்டதாயினும் நல்ல பட்டியல் அன்று. இந்த ஒரு விதியிலிருந்து ஏனையவை தாமே பிறக்கின்றன.

முதலாவது, நாள். நாளைப் பார்த்தபின்னரே உணவைப் பார்க்க வேண்டும். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் பலர் கிறிஸ்து பிறப்புக்கு முன் இருபத்தைந்து நாள் நோன்பு காக்கின்றனர்; இறைச்சியும் மீனும் விலக்குகின்றனர். தமிழ்ச் சபையார் அண்டைச் சபையாரையும் அழைத்து டிசம்பர் 20-ஆம் தேதி வாக்கில் விருந்து வைப்பதுண்டு. அந்த மேசையில் எல்லாமே இறைச்சியாக இருந்தால், விருந்தினருள் ஒரு பகுதியினரைப் பட்டினி போட்டவர்களாவோம். திருநாளன்றோ அதற்குப் பின்னரோ கூடினால் இத்தடை இல்லை.

இரண்டாவது, வருவோர். மூணாற்றில் கோவில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றும் அடுத்தடுத்த குன்றுகளில் நிற்கின்றன. தோட்டத்து லயங்களிலும் மூன்று சமயத்தாரும் சுவருக்குச் சுவர் வாழ்கின்றனர். திருநாள் விருந்துக்கு அவர்களை அழையாதிருப்பது எங்ஙனம்? மாட்டிறைச்சி மலையாளிகள் பலருக்கு விருப்பமானது. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அது அடுப்பேறுவதில்லை. பன்றியிறைச்சியை முஸ்லிம் அன்பர்கள் உண்ணார். ஆகவே கோழியே பொதுவான இறைச்சி. அதனையும் ஹலால் முறையில் அறுக்கச் செய்தால் முஸ்லிம் அன்பர்களுக்கு மனத்தடை இராது. காய்கறி உணவைத் தனிப் பாத்திரத்தில், தனி அகப்பையோடு, மேசையின் தொடக்கத்திலேயே வைக்க வேண்டும். மூலையில் ஒதுக்கி வைத்தால், அதனை உண்பவரும் ஒதுக்கப்பட்டதாகவே எண்ணுவார்.

மூன்றாவது, இடத்தின் தட்பவெப்பம். மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆதலால் சோறும் பருப்பும் வேகச் சமவெளியைக் காட்டிலும் நேரம் கூடுதலாகும். தடித்த மட்டை அரிசியை அங்கே பெருங்கிடாரத்தில் வேகவைக்க எண்ணினால், விடியுமுன் அடுப்பு மூட்ட வேண்டும். பச்சரிசியோ சீரகச் சம்பாவோ எளிது. பருப்பை முன்னரே ஊறவைப்பது நன்று. டிசம்பர்க் குளிரில் ஆட்டுக்கறியின் கொழுப்பு தட்டிலேயே உறைந்துவிடும். அதனாலும் கோழி மேல். பாலக்காட்டிலோ நிலைமை நேர்மாறு. கணவாய்க் காற்று வீசினும் நண்பகல் வெப்பம் குறையாது. தேங்காய்ப்பால் சேர்த்த கறி விரைவில் புளித்துவிடும். சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ, 5 டிகிரிக்குக் கீழ்க் குளிராகவோ இருத்தல் வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் பெருகுமாதலால், அந்நிலையில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்தல் ஆகாது. முதல்நாள் சோற்றை மறுநாள் சுடவைத்துப் பரிமாறுவது பெருங்கூட்டத்திற்கு ஒருபோதும் கூடாது. பாலக்காட்டில் காலை விருந்தாயின் ராமசேரி இட்லி இருக்கவே இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் மண்கலத்தில் வேகவைக்கும் அந்த இட்லி, எளிதில் கெடாதது எனப் பெயர் பெற்றது.

நான்காவது, அளவு. ஐந்நூறு பேருக்கு ஓர் எளிய பட்டியல் சொல்வோம். நெய்ச்சோறு, கோழிக்கறி, காய்கறிக் குருமா, வெங்காயத் தயிர்ப் பச்சடி, ஒரு பாயசம். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் காரமில்லாத வெறுஞ்சோறும் பருப்பும் ஒரு சிறு பாத்திரத்தில். ஒரு கிலோ அரிசி எட்டு முதல் பத்துப் பேருக்குப் போதும். ஆகவே 50 முதல் 63 கிலோ அரிசி. ஒரு கிலோ கோழி ஆறு பேருக்கு என்று வைத்தால் 85 கிலோ. பாயசம் தலைக்கு 150 மில்லிலிட்டர் வீதம் 75 லிட்டர். இடுக்கிப் பகுதியினர் இதற்கு மறையூர்ச் சர்க்கரையைப் பயன்படுத்தலாம். கரும்புச்சாற்றைக் காய்ச்சி உருண்டையாகப் பிடிக்கும் அவ்வெல்லம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. வெல்லப் பாயசத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே முதல் தேங்காய்ப்பாலை ஊற்ற வேண்டும், கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். காய்கறிகளை வட்டவடையும் காந்தளூரும் தரும்.

ஐந்து பதார்த்தம் போதுமா என்று கேட்கலாம். பதினொன்றை அரைகுறையாகச் செய்யும் பணத்தில் ஐந்தை நிறைவாகச் செய்யலாம் என்பதே நம் மறுமொழி. பதார்த்தம் பெருகப் பெருக ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் சுவை பார்க்க எடுப்பர், வீணாவதும் பெருகும்.

ஐந்தாவது, வரிசை. ஒரே வரிசையில் நிமிடத்திற்கு இருவர் வீதம் எடுத்துச் சென்றால், ஐந்நூறு பேர் எடுத்து முடிக்க 250 நிமிடம், அதாவது நான்கு மணி நேரத்திற்கு மேல் ஆகும். இரண்டு மேசைகளை நடுவில் இட்டு, ஒவ்வொன்றின் இரு பக்கமும் வரிசை விட்டால், நான்கு வரிசையில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடியும். சோறும் பச்சடியும் அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். கோழிக்கறியை மட்டும் ஒருவர் நின்று பரிமாற வேண்டும். அது கஞ்சத்தனம் அன்று. பின்னால் நிற்பவரின் பங்கைக் காப்பது. தொலைவிலிருந்து வருவோரின் எண்ணிக்கையை முன்னரே கேட்டறிந்து, அவர்களுக்குரியதை மூடிய பாத்திரத்தில் சூடு ஆறாமல் தனியே வைத்தல் வேண்டும். நின்று உண்ண இயலாத முதியோருக்கு ஒரு பக்கத்தில் பெஞ்சு இட்டு, இலை போட்டுப் பரிமாறலாம். பஃபே என்பதற்காகப் பந்தியைக் கைவிட வேண்டுவதில்லை.

எருசலேமின் எழுவரை முன்பே குறிப்பிட்டோம். விருந்துக் குழுவில் தொலைத் தோட்டத்திலிருந்து இருவரேனும் இருக்க வேண்டும் என்பது அங்கிருந்து நாம் கற்கத்தக்கது. அவர்கள் வரும் ஜீப்பு எத்தனை மணிக்குப் புறப்படும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

மறு ஆண்டு எங்கள் சபையில் ஐந்து பதார்த்தங்களே வைத்தோம். ஜீப்புகள் வந்தபோது கோழிக்கறி சூடாகவே இருந்தது. அந்த மூதாட்டியைத் தேடினோம். அவர் வேலை ஓய்வு பெற்று, லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மலையிறங்கி மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று உடன் வந்தவர்கள் கூறினர். அவருக்குச் சொன்ன பொய்யைத் திருத்தும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டவில்லை.

அன்றுமுதல் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டுள்ளோம். குழுவினர் கடைசியாக உண்பது. கடைசித் தட்டில் என்ன இருந்தது என்று எவரும் வந்து நமக்குச் சொல்ல வேண்டுவதில்லை. அந்தத் தட்டு நம் கையிலேயே இருக்கும்.