ஏச்சு வாங்குவது வேலையில் சேராது
(மாதர் பிரிவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளத்தைப் பற்றியும் கொழுந்து நிறையைப் பற்றியும் நாம் மாதம் தவறாமல் கதைக்கிறோம். இன்றைக்கு, நம் லயங்களிலிருந்து கொழும்புக்கும் கண்டிக்கும் போய் முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றிக் கதைக்க வேண்டும். தோட்டத்தில் பேர் பதியாவிட்டாலும் அவர்களும் தொழிலாளர்கள்தான். அவர்களுடைய கஷ்டமும் சங்கத்தின் கஷ்டம்தான்.

முதியவர்களைப் பார்ப்பது லேசான வேலை இல்லை. படுக்கையில் கிடப்பவரைப் புரட்ட வேண்டும், கழுவித் துடைக்க வேண்டும், நேரத்துக்கு மருந்து கொடுக்க வேண்டும், இரவு முழுக்க விழித்திருக்க வேண்டும். பிள்ளைகள் அந்த வேலையை மனதாரச் செய்கிறார்கள். எங்களிடம் வந்து அழுகிற பிள்ளை பெரும்பாலும் வேலையைக் குறை சொல்வதில்லை, மேனேஜரைப் பற்றித்தான் சொல்கிறது. எல்லோர் முன்னாலும் கத்துவது, சிங்களம் பிழையாகப் பேசினால் அதே மாதிரி பேசிக் காட்டுவது, "தோட்டத்து ஆள்தானே" என்று சொல்வது, இரவு வேலை முடித்தவரைக் காலையில் மறுபடி நிறுத்துவது, இரண்டு பேர் தூக்க வேண்டிய நோயாளியைத் தனியே தூக்க விடுவது, உடைந்த கோப்பைக்குச் சம்பளத்தில் பிடிப்பது, போனை வாங்கி வைப்பது. ஒவ்வொன்றாகச் சொன்னால் சின்ன விஷயம் போலத் தெரியும். தினமும் நடந்தால் அந்தப் பிள்ளைக்கு நித்திரையும் வராது, சோறும் இறங்காது.

இது நமக்குப் புதிது இல்லை. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் துண்டு முறை இருந்தது. இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று எழுதிய சீட்டு அது. அந்தச் சீட்டு இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் அது சட்டப்படி ஒழிந்தது. இன்றைக்குத் தரகர் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறார், இல்லத்தில் பிள்ளையின் அடையாள அட்டையை வாங்கி அலுமாரியில் பூட்டுகிறார்கள். பேர்தான் வேறு, துண்டு அதேதான். ஆகவே முதல் விஷயம் இது: அடையாள அட்டையின் போட்டோ பிரதியைக் கொடுங்கள், அட்டையைக் கொடுக்காதீர்கள். தரகரிடம் கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

அடுத்தது, வேலை சொல்வது வேறு, ஏசுவது வேறு. "இந்த ஐயாவை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வை" என்றால் அது வேலை. படுக்கைப் புண் வராமல் இருக்க அப்படித்தான் செய்ய வேண்டும். மருந்து கொடுக்கப் பிந்தினால் கண்டிக்கவும் மேனேஜருக்கு உரிமை உண்டு. நம் பக்கம் பிழை இருந்தால் திருத்திக்கொள்ள வேண்டும். ஆனால் பிழையைச் சொல்வதற்குச் சாதியையும் ஊரையும் இழுக்கத் தேவையில்லை. அப்படி இழுத்தால், குரலை உயர்த்தாமல் ஒரே வசனத்தில் பதில் சொல்லப் பழகுங்கள்: "மேடம், வேலையைச் சொல்லுங்க, செய்றேன். இப்படிப் பேசாதீங்க." அதற்கு மேல் வாக்குவாதம் வேண்டாம். திருப்பிக் கத்தினால் நாளைக்கு அந்தக் கத்தல் ஒன்றுதான் முறைப்பாடாக நிற்கும்.

அன்றைக்கு இரவே ஒரு கொப்பியில் எழுதுங்கள். திகதி, நேரம், என்ன சொன்னார், சிங்களத்தில் சொன்னால் அதே வார்த்தை, பக்கத்தில் யார் நின்றார்கள், எத்தனை மணித்தியாலம் வேலை செய்தோம். "எப்பவும் ஏசுவாங்க" என்று சொன்னால் தொழில் திணைக்களத்தில் ஒன்றும் செய்ய முடியாது. பத்துத் திகதியும் பத்துச் சம்பவமும் இருந்தால் கேட்பார்கள். கொப்பியை மேசையில் வைக்காதீர்கள். பக்கத்தைப் படம் எடுத்து அக்காவுக்கோ தம்பிக்கோ அனுப்பி வையுங்கள்.

மூன்றாவது, தனியாக நிற்காதீர்கள். இப்படிப்பட்ட மேனேஜர் ஒரு ஆளைப் பிரித்து வைத்துத்தான் ஏசுவார். கூட வேலை செய்யும் சிங்களப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் அதே இரவு வேலைதான், அதே முதுகு வலிதான். பாரமான நோயாளியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து கேட்டால், அதை ஒருத்தியின் வாய்த்துடுக்கு என்று தள்ளிவிட முடியாது. ஏழு பேர் இருந்தாலே தொழிற்சங்கம் பதியலாம். ஏற்கெனவே உள்ள சங்கத்திலும் சேரலாம். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை நிறுத்துவது 1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தில் பொலிஸ் சூட்டில் கோவிந்தன் உயிர் கொடுத்தது, தொழிலாளி சங்கமாக நிற்கும் இந்த உரிமைக்காகவும்தான்.

நான்காவது, கோபத்தில் இரவோடு இரவாகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். இரண்டு காரணம் இருக்கிறது. ஒன்று, கட்டிலில் கிடக்கும் அந்த அம்மா நமக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. மேனேஜர் மேல் உள்ள கோபத்தை முதியவர்கள் மேல் காட்டுவது நமக்கு அழகில்லை. இரண்டு, சொல்லாமல் வந்தால் "தானாக வேலையை விட்டுப் போனார்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அடித்தால், அடைத்து வைத்தால், உடம்பில் கை வைத்தால் கதை வேறு. அப்போது ஒரு நிமிடமும் நிற்க வேண்டாம். வெளியே வந்து பொலிசுக்குப் போங்கள், 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு எடுங்கள். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவில் குற்றம்.

மற்றபடி, முதலில் இல்லத்தின் உரிமையாளருக்கோ நிர்வாகக் குழுவுக்கோ கடிதம் எழுதுங்கள். பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பகுதித் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. வேலையை விட்டு நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போக வேண்டும், இந்தத் தவணையைத் தவற விடாதீர்கள். ஏசி ஏசி, இருக்க முடியாமல் செய்து, கடிதம் எழுதிக் கொடுக்க வைத்தால், அதுவும் வேலை நீக்கம்தான் என்று அங்கே வாதாடலாம். அதற்கும் அந்தக் கொப்பிதான் சாட்சி. வற்புறுத்தினாலும், வாசித்து விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள்.

சேமலாப நிதியையும் பாருங்கள். சம்பளத்தில் பிடிப்பது 8 வீதம், முதலாளி போட வேண்டியது 12 வீதம். நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 வீதம், அதுவும் முதலாளி போட வேண்டியது. சம்பளச் சிட்டை கேளுங்கள். முதியவர்களையே ஏசி அடிக்கிற இடமாக இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். முதியோர் இல்லங்கள் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டியவை. அதற்கு முதியோருக்கான தேசிய சபை இருக்கிறது.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை போனில் அழுதால் "பொறுத்துக்கோ, கடன் இருக்கு" என்று வைத்துவிடாதீர்கள். என்ன நடந்தது, எப்போது நடந்தது, யார் பார்த்தது என்று கேளுங்கள். கேட்டதைத் தோட்டத் தலைவரிடமோ மாதர் பிரிவிடமோ வந்து சொல்லுங்கள். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் வெளியில் வேலை செய்யும் பிள்ளைகளின் பேர், இடம், போன் இலக்கம் எழுதிய ஒரு பட்டியலை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். வாரத்தில் ஒரு நாள் அவர்களோடு கதைக்க ஒருவரைப் பொறுப்பாக வைப்போம். நம் பிள்ளைக்குப் பின்னால் ஒரு சங்கம் இருக்கிறது என்று அந்த மேனேஜருக்குத் தெரிய வேண்டும். அதற்கு முன்னால் அது நம் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.