கணக்கு லண்டனுக்கு, சுமை மக்களுக்கு: காலனிய பட்ஜெட் முறை தரும் படிப்பினை

ஓர் அரசு யாருக்காக நடத்தப்படுகிறது என்பதை அறிய, அது தன் வரவு செலவுக் கணக்கை யாரிடம் ஒப்புவிக்கிறது என்று பார்த்தாலே போதும். பிரிட்டிஷ் இந்தியாவின் பட்ஜெட் வரலாறு இதற்குத் தெளிவான சான்றாகும்.

1857ஆம் ஆண்டு எழுச்சியை ஒடுக்குவதற்கான செலவு இந்திய மக்களின் தலையிலேயே கடனாக ஏற்றப்பட்டது. அந்த நிதி நெருக்கடியைச் சமாளிக்க லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட ஜேம்ஸ் வில்சன், 1860இல் இந்தியாவின் முதல் பட்ஜெட்டைச் சமர்ப்பித்தார். வருமான வரியும் அதனுடனேயே வந்தது. 1867 முதல் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் நிதியாண்டு நிலைபெற்றது. முடிந்த ஆண்டின் கணக்கு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு என மூன்று நிலைகளில் நிதிநிலை அறிக்கை தயாரிக்கப்பட்டது. மாகாணங்களிலிருந்து கல்கத்தாவுக்கும், கல்கத்தாவிலிருந்து லண்டனுக்கும் ஆண்டுதோறும் கணக்குகள் ஒழுங்காகச் சென்றன.

ஏட்டளவில் குறை சொல்ல முடியாத ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கணக்குகள் அனைத்தும் மேல்நோக்கி மட்டுமே சென்றன. வரி செலுத்திய விவசாயியிடமோ நெசவாளியிடமோ கணக்குச் சொல்ல வேண்டிய கடமை எவருக்கும் இருக்கவில்லை.

1858ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவின் வருவாய் மீதான அதிகாரத்தை லண்டனில் இருந்த இந்திய அமைச்சரிடமும் அவருடைய கவுன்சிலிடமும் ஒப்படைத்தது. ஆண்டுக் கணக்கைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறியது. அது வைக்கப்பட்டது, வாக்கெடுப்புக்கு விடப்படவில்லை. இந்திய அமைச்சரின் சம்பளம்கூட இந்தியாவின் வருவாயிலிருந்தே தரப்பட்டதால், பிரிட்டிஷ் வரிப்பணம் எதுவும் அதில் சம்பந்தப்படவில்லை. எனவே காமன்ஸ் சபை இந்திய பட்ஜெட்டைக் கூட்டத்தொடரின் இறுதி நாட்களில், காலி இருக்கைகளின் முன் விவாதித்துக் கலைந்தது. 1867இல் துருக்கி சுல்தானுக்கு லண்டனில் அளிக்கப்பட்ட நடன விருந்தின் செலவும் இந்தியக் கணக்கில் எழுதப்பட்டது. ஹென்றி ஃபாசெட் போன்ற ஒரு சிலர் மட்டுமே அதைக் கண்டித்தனர்.

‘ஹோம் சார்ஜஸ்’ என்ற தலைப்பில் லண்டனில் செலவிடப்பட்ட தொகை இதைவிடப் பன்மடங்கு பெரியது. கடன் வட்டி, ரயில்வே முதலீட்டாளர்களுக்கு அளிக்கப்பட்ட உத்தரவாத வட்டி, இராணுவச் செலவு, ஓய்வுபெற்ற ஆங்கிலேய அதிகாரிகளின் ஓய்வூதியம் ஆகியவை அதில் அடங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் பவுன். தாதாபாய் நவுரோஜி ‘செல்வ வடிகால்’ என்று அம்பலப்படுத்திய சுரண்டலின் ஒரு பகுதி, இவ்வாறு அரசின் கணக்கேட்டிலேயே அச்சிடப்பட்டிருந்தது.

இந்த முறை எதற்குப் பயன்பட்டது என்பதை 1876க்கும் 1880க்கும் இடையில் நடந்தவை காட்டுகின்றன. சென்னை, மைசூர், பம்பாய், ஹைதராபாத் பகுதிகளை 1876 முதல் 1878 வரை கொடும் பஞ்சம் வாட்டியது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். எதிர்காலப் பஞ்சங்களுக்காக ஆண்டுதோறும் 1.5 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்று வைஸ்ராய் லிட்டனின் அரசு உறுதியளித்தது. அதற்கென 1878இல் தொழில் உரிம வரி விதிக்கப்பட்டது. சில மாகாணங்களில் நிலத்தின் மீது மேல்வரியும் போடப்பட்டது. உரிம வரி சிறு வணிகரையும் கைவினைஞரையும் தாக்கியது. சம்பளம் பெறும் அதிகாரிகளுக்கு அதிலிருந்து விலக்களிக்கப்பட்டது.

ஆனால் அந்தப் பணத்துக்கெனத் தனி நிதியம் எதுவும் உருவாக்கப்படவில்லை. அது பொது வருவாயில் கலந்தது. 1878 நவம்பரில் ஆப்கன் போர் தொடங்கியதும் பஞ்ச நிவாரண உறுதிமொழி காற்றில் பறந்தது. இந்திய எல்லைக்கு அப்பால் நடக்கும் படையெடுப்புக்கு இந்திய வருவாயைச் செலவிட நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. படைகள் எல்லை தாண்டிய பிறகு, டிசம்பரில்தான் அந்த ஒப்புதல் பெறப்பட்டது. 1879இல், நிதி நெருக்கடி முற்றியிருந்த வேளையிலும், முரட்டுப் பருத்தித் துணிகள் மீதான இறக்குமதித் தீர்வையை லிட்டன் நீக்கினார். தமது நிர்வாகக் கவுன்சிலின் பெரும்பான்மைக் கருத்தை அவர் மீறினார். ஆதாயம் லங்காஷயர் ஆலை முதலாளிகளுக்குக் கிடைத்தது.

1880 பிப்ரவரியில் நிதி உறுப்பினர் ஜான் ஸ்ட்ராச்சி நம்பிக்கையூட்டும் பட்ஜெட் ஒன்றை அளித்தார். போர்ச் செலவு கட்டுக்குள் இருப்பதாக அது கூறியது. சில மாதங்களிலேயே உண்மை வெளிப்பட்டது. செலவு முதலில் மதிப்பிட்டதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்காக வளர்ந்திருந்தது. இராணுவக் கணக்குத் துறை, தணிக்கை முடித்துப் பதிவான தொகைகளை மட்டுமே செலவாகக் காட்டி வந்தது. படைகளுக்காகக் கருவூலங்களிலிருந்து நாள்தோறும் வெளியேறிய ரொக்கம் அந்தக் கணக்கில் ஏறவில்லை. பணம் போய்க்கொண்டே இருந்தது. அறிக்கை மட்டும் அமைதியாக இருந்தது. பிரிட்டன் பின்னர் 50 லட்சம் பவுன் அளித்தது. எஞ்சிய பெருந்தொகை, பஞ்சத்திலிருந்து மீளாத மக்கள் மீதே விழுந்தது.

தோழர்களே, இதை எழுத்தர்களின் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. கேள்வி கேட்கும் அதிகாரம் பெற்ற மக்கள் மன்றம் இருந்திருந்தால், கருவூலம் காலியாவது இத்தனை நாள் மறைந்திருக்காது. 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சட்டசபைக்குப் பட்ஜெட் மீது வாக்களிக்கும் உரிமை இல்லை. 1892ஆம் ஆண்டுச் சட்டம் பட்ஜெட்டைப் பற்றிப் பேச அனுமதித்தது. தீர்மானம் கொண்டுவரவோ வாக்கெடுப்புக் கோரவோ அனுமதிக்கவில்லை.

அந்தக் குறுகிய இடைவெளியைத்தான் கோபால கிருஷ்ண கோகலே 1902இல் பயன்படுத்தினார். பஞ்சங்களுக்கு நடுவிலும் உபரி காட்டியதை அரசு தன் சாதனையாகக் கூறியது. செயற்கையாக உயர்த்தப்பட்ட ரூபாய் மதிப்பும், தேவைக்கு மேல் வசூலிக்கப்பட்ட வரியுமே அந்த உபரிக்குக் காரணம் என்று அவர் அரசின் எண்களைக் கொண்டே நிறுவினார். மணங்குக்கு 2 ரூபாய் 8 அணாவாக இருந்த உப்பு வரி 1903இல் 2 ரூபாயாகவும், 1907க்குள் 1 ரூபாயாகவும் குறைந்தது. கணக்கைப் படித்து அம்பலப்படுத்துவதும் போராட்டமே என்பதை இது காட்டியது.

வாக்குரிமை இல்லாத இடத்தில் பேச்சுக்கு இருந்த எல்லையும் விரைவில் தெரிந்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய சட்டசபைக்கு மானியக் கோரிக்கைகள் மீது வாக்களிக்கும் உரிமையைத் தந்தது. ஆனால் இராணுவச் செலவும் கடன் வட்டியும் அந்த உரிமைக்கு வெளியே வைக்கப்பட்டன. 1923இல் உப்பு வரியை 1 ரூபாய் 4 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக இரட்டிப்பாக்க அரசு முயன்றபோது சபை அதை நிராகரித்தது. வைஸ்ராய் ரீடிங் தமது தனி அதிகாரத்தால் சான்றளித்து அதைச் சட்டமாக்கினார். ஏழையின் கஞ்சியில் விழும் உப்பின் விலையை ஒருவரது கையெழுத்து தீர்மானித்தது.

அந்த நிலையைத் தகர்த்தது விடுதலைப் போராட்டம். மக்கள் பிரதிநிதிகளின் வாக்கின்றி அரசு மானியம் பெற முடியாது என்பது இன்று அரசியல் சட்டத்தின் விதி. ஆயினும் 2018 மார்ச்சிலும் 2023 மார்ச்சிலும் மக்களவை விவாதமின்றியே மானியக் கோரிக்கைகளை நிறைவேற்றியது. இந்திய உணவுக் கழகத்துக்குத் தர வேண்டிய உணவு மானியத்தை நிலுவையில் வைத்து, அந்தக் கழகத்தைக் கடன் வாங்கச் செய்து, பற்றாக்குறையைக் குறைத்துக் காட்டிய முறையைத் தலைமைக் கணக்குத் தணிக்கையரே சுட்டிக்காட்டினார். செலவு நிகழ்ந்தும் கணக்கில் ஏறாத பழைய கதைக்கு இது வெகு தொலைவில் இல்லை.

காலனிய அரசிடம் அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. மக்களுக்குப் பதில் சொல்லும் கடமைதான் இல்லை. நாடாளுமன்றம் போதிய நாட்கள் கூட வேண்டும், ஒவ்வொரு அமைச்சகத்தின் கோரிக்கையும் விவாதிக்கப்பட வேண்டும், கடன்கள் அனைத்தும் பட்ஜெட்டுக்குள் காட்டப்பட வேண்டும் என்ற கோரிக்கைகள் நாடாளுமன்ற நடைமுறை பற்றியவை மட்டுமல்ல. ரேஷன் அரிசியும் ஊரக வேலையும் அரசுப் பள்ளியும் அவற்றோடு பிணைந்துள்ளன. உப்பு வரியின் கணக்கைக் கேட்ட மக்களின் வாரிசுகள், அவற்றின் கணக்கையும் கேட்டே தீர வேண்டும்.