மூழ்கியும் பிழைக்கும் நெல்



நெல் தண்ணீரில் வளரும் பயிர்தான். ஆனால் குருத்து மூழ்கும்படி தண்ணீர் ஏறி, ஒரு வாரத்துக்கு மேல் நின்றுவிட்டால் பெரும்பாலான ரகங்கள் பிழைப்பதில்லை. நட்டுப் பச்சை கட்டிய சம்பாப் பயிர் ஐப்பசி அடைமழையில் காணாமல் போவதை டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பயிரைக் காக்கும் ஒரு மரபணுவைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

மூழ்கிய செடிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் வாயுக்கள் தண்ணீரில் பரவும். ஆக்சிஜன் உள்ளே வருவது அரிது. செடி தானே உண்டாக்கும் எத்திலீன் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. அந்தத் தேக்கம்தான் செடிக்கு அபாய அறிவிப்பு. ஜிப்ரெலின் என்ற வளர்ச்சி ஊக்கி முடுக்கிவிட, செடி எப்படியாவது தலையை வெளியே நீட்டப் பார்க்கிறது. தண்டில் சேர்த்து வைத்த மாவுச்சத்தை எல்லாம் இதிலேயே செலவழிக்கிறது. தண்ணீர் வடிந்த மறுநாள் வயலில் இறங்கிப் பாருங்கள்: இலைகள் வெளுத்து, மெலிந்து, நீண்டு, நிற்கத் தெம்பில்லாமல் சேற்றோடு ஒட்டிக் கிடக்கும்.

ஒடிசாவின் பள்ளக்கால் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த தாலபுத்தியா என்ற நாட்டு நெல் வேறு வழியில் போகிறது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தும் பிழைத்தது. விளைச்சலோ குறைவு. இதை உயர் விளைச்சல் ரகங்களோடு கலந்தபோது, பிழைக்கும் குணத்தோடு வேண்டாத குணங்களும் சேர்ந்தே வந்தன. பல ஆண்டுகள் இந்த முட்டுக்கட்டை நீடித்தது.

1996இல் கெனோங் ஷு, டேவிட் மக்கில் இருவரும் அந்தக் குணத்தின் பெரும்பகுதி 9ஆம் குரோமோசோமில் ஒரே இடத்தில் இருப்பதைக் காட்டினார்கள். 2006இல் அவர்களோடு பமேலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செர்ரெஸ் முதலியோரும் சேர்ந்து, காரணமான மரபணு சப்1ஏ என்று 'நேச்சர்' இதழில் நிறுவினார்கள். அது செய்யும் வேலை எளிது: ஜிப்ரெலினின் தூண்டுதலை அடக்கி, செடியை வளராமல் நிறுத்தி வைக்கிறது. சேமிப்பு மிஞ்சுகிறது. தண்ணீர் வடிந்த சில நாட்களில் அழுகிய இலைகளுக்கு நடுவே புதுக் குருத்து எட்டிப் பார்க்கும். பிறகு தூர் கட்டும்.

இதற்கு அடுத்து எடுத்த முடிவைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். அவர்கள் புதிதாக ஒரு ரகத்தை உழவர் தலையில் கட்டவில்லை. கிழக்கிந்தியாவில் உழவர்கள் ஏற்கெனவே விரும்பிப் பயிரிட்ட சுவர்ணாவை எடுத்துக்கொண்டு, மீண்டும் மீண்டும் அதனோடே பின்கலப்பு செய்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுக் குறியீடுகளைப் பார்த்து, சப்1ஏ அடங்கிய சப்1 பகுதி மட்டும் உள்ளே வர, மற்றதெல்லாம் சுவர்ணாவாகவே இருக்கும்படி தேர்ந்தார்கள். இது மரபணு மாற்றுப் பயிர் அன்று. நெல்லுக்கும் நெல்லுக்கும் நடந்த கலப்புதான். சுவர்ணா-சப்1 இந்தியாவில் 2009இல் வெளியானது. கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு உமியில்தான்: சுவர்ணாவின் பொன்னிற உமி இதில் வைக்கோல் நிறமாகிவிட்டது, சப்1க்கு அருகிலிருந்த உமிநிற மரபணுவும் கூடவே வந்ததால். இதே முறையில்தான், பொன்மணி என்று நாம் அழைக்கும் சி.ஆர்.1009இலும் சப்1 சேர்ந்தது. இட்லிக்குப் பெயர்போன அந்த மோட்டா நெல் இன்று டெல்டாவில் சி.ஆர்.1009 சப்-1 ஆக நிற்கிறது.

ஒடிசாவில் நடந்த கள ஆய்வுகளை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். பத்து நாள் மூழ்கிய வயல்களில் சுவர்ணாவைவிட சுவர்ணா-சப்1 சுமார் 45 சதவீதம் கூடுதலாக விளைந்ததாக 2013இல் வந்த ஆய்வு சொன்னது. அதே ஆய்வு இன்னொன்றையும் சுட்டியது: தாழ்த்தப்பட்ட மக்களின் நிலங்கள் தாழ்வான, அடிக்கடி மூழ்கும் இடங்களில் மிகுதி, ஆகவே இந்த விதையின் பலன் அவர்களுக்கே கூடுதலாகப் போகிறது. மேடு யாருக்கு, பள்ளம் யாருக்கு என்று நம் சமூகம் பங்கிட்ட வரலாறு அந்தப் புள்ளிவிவரத்துக்குள் இருக்கிறது. வேளாண் ஆராய்ச்சியில் சமூகநீதி எங்கே வருகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

2016இல் கைல் எமரிக்கும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு இன்னும் ஆழமானது. இந்த விதை கிடைத்த உழவர்கள் வெள்ளம் வராத ஆண்டிலும் கூடுதலாக விளைவித்தார்கள். போட்ட முதல் தண்ணீரோடு போகாது என்ற நம்பிக்கை வந்ததும் உரம் கூட்டினார்கள், கடன் வாங்கத் துணிந்தார்கள், கைவிதைப்பை விட்டு நடவுக்கு மாறினார்கள். ஏழை உழவர் புதுமையை ஏற்கத் தயங்குகிறார் என்று நாம் எத்தனை கூட்டங்களில் குறைப்பட்டிருக்கிறோம்! ஒரு போகம் போனால் மீள முடியாதவர் துணியாமல் இருந்தது நியாயமான கணக்கு. இடரைக் குறைத்தால் அவர் தானே முன்வருகிறார்.

சப்1 எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. முளைக்கும் விதை மூழ்கினால் இது காப்பாற்றாது. முழங்கால் ஆழத்தில் மாதக்கணக்கில் தேங்கும் தண்ணீருக்கும் உதவாது. கதிர் முற்றிய பின் தை மழையில் சாயும் நெல்லுக்கும் இதில் விடை இல்லை. நேரடி விதைப்பு பெருகும் டெல்டாவுக்கு முதல் குறைதான் பெரிது. மியான்மரின் காவ் ஹ்லான் ஓன் என்ற நாட்டு நெல்லிலிருந்து, தண்ணீருக்கடியில் முளைக்க உதவும் மரபணுவை 2015இல் இனங்கண்டார்கள். அதையும் சப்1ஐயும் ஒரே ரகத்தில் சேர்க்கும் வேலை நடக்கிறது. வாய்க்காலும் வடிகாலும் தூர்ந்து கிடக்க, விதையை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது.

நெல் தன் மகரந்தத்தையே ஏற்கும் பயிர். கலப்பில்லாமல் எடுத்து வைத்தால், ஒருமுறை வாங்கிய விதையை உழவர் சில போகம் தாமே பெருக்கிக்கொள்ளலாம். அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம். ஆகவே முதல் சில மூட்டை எந்த ஊருக்குப் போகிறது என்பதுதான் முக்கியம். அடுத்த சம்பாவுக்கு விதை ஒதுக்கும்போது, கேட்டு வருபவருக்கெல்லாம் சமமாகப் பிரிக்காமல், ஆண்டுதோறும் மூழ்கும் கிராமங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கே குத்தகைக்கு உழுபவர்களிடம் முதலில் சேர்க்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து வேளாண் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.