எந்தச் சஞ்சிகைக்கு அனுப்புவது?



வாட்டில் தாதியரும் வைத்தியர்களுமாக இரண்டு வருடங்கள் சேர்த்த படுக்கைப்புண் தரவுகளை நாங்கள் ஒருமுறை கட்டுரையாக்கினோம். எங்களைப் புகழ்ந்து மின்னஞ்சல் அனுப்பிய ஒரு சஞ்சிகைக்கே கொடுத்தோம். நான்கே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். கட்டணத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. இன்று அந்த இணையத்தளமும் இல்லை, கட்டுரையும் இல்லை.

அன்று பட்டுத்தான் படித்தோம். 1952இல் தொடங்கிய ‘நேர்சிங் ரிசேர்ச்’, 1976இல் தொடங்கிய ‘ஜேர்னல் ஒவ் அட்வான்ஸ்ட் நேர்சிங்’ போன்றவை முன்னணிச் சஞ்சிகைகள். ஆனால் பெயரோ தாக்கக் காரணியோ மட்டும் போதாது. முந்திய இரண்டு ஆண்டுக் கட்டுரைகள் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டப்பட்டன என்பதையே அந்த எண் சொல்கிறது. எங்கள் கேள்விக்குரிய வாசகர் அங்கே உண்டா, துறைசார்ந்தோர் மதிப்பாய்வு செய்கிறார்களா, மெட்லைனிலோ சினாலிலோ அது இடம்பெறுகிறதா, கட்டணத்தை முன்கூட்டியே சொல்கிறார்களா என்று இப்போது பார்க்கிறோம்.

தாதியராகப் பணிபுரியும் தங்கைமாரே, இரவுக் கடமையில் நீங்கள் எழுதும் குறிப்புகள் பெறுமதியானவை. எங்களைப் போல் தொலைத்துவிடாதீர்கள். அனுப்பமுன் எங்களிடம் ஒரு சொல் கேளுங்கள்.